இல்லாத ஓர் அமெரிக்கர்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் கேமராவுடன் அலைகிறார். உப்பளங்களிலும் மீன்பிடித் துறைகளிலும் அவர் எடுத்த படங்களை மடிக்கணினியில் காட்டினார். எனக்குப் புகைப்படக் கலையில் தேர்ச்சி இல்லை. ஆயினும் சில படங்களைக் கடந்துசெல்ல முடியவில்லை. பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை என்றார். பதில் எழுதிய ஒரேயொரு இதழும் பெயர் போடுகிறோம், பணம் கிடையாது என்று சொல்லிவிட்டதாம். ஓர் ஆசிரியரின் கண்ணில் படுவது எப்படி என்று என்னிடம் கேட்டார்.

பொருளியல் கற்பித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. பிறகு, வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்த ஒரு மனிதரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவர் ராபர்ட் காப்பா.

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் எண்ட்ரே ஃபிரீட்மன். பெற்றோர் தையல் நிலையம் நடத்தினர். பதினேழு வயதில் இடதுசாரி இயக்கத் தொடர்புக்காகக் கைதான அவர், 1931-இல் நாட்டைவிட்டு வெளியேறி பெர்லின் சென்றார். படிக்க விரும்பியது அரசியலும் இதழியலும். உலகப் பெருமந்தம் தையல் நிலையத்தைச் சாய்த்தது. வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. புகைப்படம் அவருடைய கனவாக இருக்கவில்லை. மொழி சரியாகத் தெரியாத நாட்டில், மொழி தேவைப்படாத பிழைப்பாக அது வாய்த்தது. டெஃபோட் என்ற படநிறுவனத்தின் இருட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார்.

1932 நவம்பரில் ட்ராட்ஸ்கி கோபன்ஹேகனில் உரையாற்ற வந்தார். நிறுவனத் தலைவர் சைமன் குட்மனுக்கு அனுப்ப வேறு ஆள் கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது உதவியாளரை அனுப்பினார். பெரிய கேமராக்களுடன் வந்தவர்களுக்கு அரங்கில் அனுமதி இல்லை. இளைஞரின் சிறிய லைகா கேமராவை யாரும் பொருட்படுத்தவில்லை. மேடைக்கு அருகிலிருந்து அவர் எடுத்த படங்கள் பெர்லின் வார இதழ் ஒன்றில் முழுப் பக்கத்துக்கு வெளியாயின. சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மீண்டும் ஓட்டம், இம்முறை பாரீஸ்.

பாரீஸ் வாழ்க்கையைப் பசி என்ற ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். கேமராவை அடகுக்கடையில் வைப்பதும் மீட்பதுமாக நாள்கள் கழிந்தன. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த அகதிக் கலைஞர்கள் நிறைந்திருந்த நகரம் அது. படங்களின் வரத்து மிகுதி, வாங்குவோர் சிலர், விலை கீழே. அங்குதான் 1934-இல் கெர்டா போஹோரில் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர், அவரும் யூதர், நாஜிகளிடமிருந்து தப்பியவர். படநிறுவனம் ஒன்றில் வேலை பார்த்ததால் ஆசிரியர்கள் படங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதை அறிந்திருந்தார்.

1936-இல் இருவரும் சேர்ந்து ஓர் ஆளை உருவாக்கினார்கள். பெயர் ராபர்ட் காப்பா. அமெரிக்கர், செல்வந்தர், புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர், ஐரோப்பாவுக்கு வந்திருக்கிறார், நேரில் யாரையும் சந்திக்கமாட்டார். ஃபிரீட்மன் அவருடைய உதவியாளர், கெர்டா அவருடைய படங்களை விற்பவர். அந்த அமெரிக்கர் செல்வந்தர் என்பதால் வழக்கமான விலைக்குப் படம் தரமாட்டார். மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் கொடுத்தார்கள். நேற்றுவரை திருப்பி அனுப்பப்பட்ட அதே கையின் படங்கள் இன்று விலைபோயின. கெர்டாவும் தம் பெயரை டாரோ என்று மாற்றிக்கொண்டார்.

என் வகுப்பில் இந்த இடத்தில்தான் நிறுத்துவேன். 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தை எப்படிக் குலைகிறது என்பதை விளக்கிய அக்கட்டுரைக்காக 2001-இல் அவருக்கு நொபேல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. மேசையில் குவியும் நூறு உறைகளையும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க ஆசிரியருக்கு நேரமில்லை. அவர் பெயரைப் பார்க்கிறார், நாட்டைப் பார்க்கிறார், கேட்கப்படும் விலையைப் பார்க்கிறார். மலிவாகக் கிடைப்பது மட்டமானது என்ற முடிவுக்கு வருகிறார். அகதியின் வறுமையே அவருடைய படத்தின் மதிப்பைக் குறைத்தது. அந்தக் கோட்பாடு எழுதப்படுவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு அகதிகள் அதைப் புரிந்துகொண்டு, விலையையே ஓர் அடையாளமாக உயர்த்திப் பிடித்தார்கள்.

இந்தப் பொய் நெடுநாள் நீடிக்கவில்லை. வூ இதழின் ஆசிரியர் லூசியன் வோகெல், ஜெனீவாவில் நாடுகளின் சங்கக் கூட்டத்தின்போது கசங்கிய மேற்சட்டையுடன் படமெடுத்துக்கொண்டிருந்த ஃபிரீட்மனைக் கண்டு உண்மையை அறிந்ததாகச் சொல்லப்படுகிறது. காப்பாவைப் பற்றிய கதைகளில் காப்பாவே சேர்த்த மெருகு உண்டு. இதையும் அந்த எச்சரிக்கையுடனே படிக்க வேண்டும். ஆனால் அடுத்து நடந்தது பதிவாகியுள்ளது. ஏமாற்றியவர்களை வோகெல் துரத்தவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்ததும், 1936 ஆகஸ்டில் இருவரையும் பார்சிலோனாவுக்கு அனுப்பிவைத்தார். கதவைத் திறந்தது பெயர். திறந்தபின் உள்ளே நிற்க வைத்தவை படங்கள்.

குண்டடிபட்டுச் சரியும் குடியரசுப் படைவீரரின் படம் செப்டம்பரில் வூ இதழில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அது உண்மையான மரணக் கணமா, பயிற்சியின்போது எடுத்ததா என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. எடுத்த இடம் குறித்தே ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. 1938 டிசம்பரில் லண்டனின் பிக்சர் போஸ்ட் இதழ், உலகின் மிகச்சிறந்த போர்ப் புகைப்படக் கலைஞர் என்று அவரை அறிவித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்தப் புகழ் வந்தபோது கெர்டா உயிருடன் இல்லை. 1937 ஜூலையில் புருனெட்டே போர்முனையில் பின்வாங்கிய படைகளின் குழப்பத்தில் ஒரு டாங்கியின் அடியில் சிக்கி மறுநாள் இறந்தார். இருபத்தேழாம் பிறந்தநாளான ஆகஸ்ட் முதல் தேதி பாரீசில் அவர் அடக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்த ஊர்வலத்துக்குப் பின், பல பத்தாண்டுகள் அவர் காப்பாவின் காதலியாக மட்டுமே நினைக்கப்பட்டார். காப்பா என்ற பெயர் தொடக்கத்தில் இருவருக்கும் பொதுவானது. அப்பெயரில் வெளியான படங்களில் அவர் எடுத்தவையும் இருந்தன. ஸ்பெயின் போரின் சுமார் 4,500 படச்சுருள் சட்டகங்கள் அடங்கிய மூன்று பெட்டிகள் மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்டு 2007-இல் நியூயார்க் வந்துசேர்ந்தன. அதன் பிறகே எது யாருடைய படம் என்று பிரித்தறியும் வேலை பெருமளவு நடந்தது.

இங்கே நான் சற்றுக் கூசுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் உள்ள அட்டவணைகளில் பாதி, கணினி எட்டாத அந்நாளில், என் மனைவி இரவுகளில் கையால் கணக்கிட்டவை. நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி. அதுவும் அவருடைய பொறுமைக்காக.

காப்பாவின் பிற்கால வீரச்செயல்களைப் பலரும் எழுதியுள்ளனர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் படையினருடன் இறங்கியதும், எடுத்தவற்றில் பத்துப் பதினொரு படங்களே மிஞ்சியதும் தெரிந்த செய்திகள். மற்றவை லண்டன் இருட்டறையில் அழிந்தன என்ற நெடுநாள் கதையை அண்மைக்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1947-இல் அவர் செய்த காரியம்.

அக்காலத்தில் பத்திரிகை பணிக்கு அமர்த்தினால் படத்தின் உரிமையும் பெரும்பாலும் பத்திரிகைக்கே போய்விடும். கலைஞர் ஒருமுறை கூலி பெறுவார். படம் பலமுறை சம்பாதிக்கும். காப்பா, ஹென்றி கார்த்தியே-பிரெசோன், டேவிட் சைமர், ஜார்ஜ் ரோட்ஜர், வில்லியம் வான்டிவெர்ட் ஆகியோர் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். படச்சுருளும் பதிப்புரிமையும் எடுத்தவருக்கே; பத்திரிகை வாங்குவது வெளியிடும் உரிமையை மட்டுமே. ஒரே படத்தைப் பல நாடுகளில் தனித்தனியே விற்கலாம். எதைப் படமெடுப்பது என்பதையும் கலைஞரே முடிவு செய்யலாம். ஆசிரியரின் கண்ணில் படத் தவித்தவர், ஆசிரியருடன் சமமாக உட்கார்ந்து பேரம் பேசும் நிலையை மற்றவர்களுக்கு ஏற்படுத்தித் தந்தார். குதிரைப் பந்தயத்தில் பணத்தைத் தொலைப்பவர், கணக்கு வழக்கில் ஒழுங்கற்றவர் என்பதும் உண்மை. பொருளியல் அறிவு வேறு, சொந்தப் பணப்பை வேறு என்பதை நானும் அறிவேன்.

அந்த ஏற்பாட்டின் பயன் நம் நாட்டுக்கும் கிடைத்தது. கார்த்தியே-பிரெசோன் இந்தியா வந்து 1948 ஜனவரியில் காந்தியடிகளின் இறுதி நாள்களையும் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். மேக்னத்தில் பின்னர் சேர்ந்த வெர்னர் பிஷாஃப் 1951-இல் எடுத்த பிகார் பஞ்சப் படங்கள் லைஃப் இதழ் வழியாக அமெரிக்கரைச் சென்றடைந்தன.

கற்பனை அமெரிக்கர் 1946-இல் சட்டப்படி அமெரிக்கக் குடிமகனாகியிருந்தார். 1954-இல் ஜப்பானில் இருந்தபோது, வேறொரு கலைஞருக்கு மாற்றாக இந்தோசீனாவுக்குச் செல்லுமாறு லைஃப் இதழ் கேட்டது. மே 25 அன்று தாய் பின் என்ற ஊருக்கு அருகே, படையினரைப் படமெடுக்கச் சாலையை விட்டு இறங்கியவர் கண்ணிவெடியை மிதித்தார். வயது நாற்பது. ஒன்பது நாள்களுக்கு முன்புதான் பிஷாஃப் பெரு நாட்டு மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து இறந்திருந்தார்.

இதையெல்லாம் கேட்ட என் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. அப்படியென்றால் நானும் பொய்ப்பெயர் வைத்துக்கொள்ளட்டுமா ஐயா என்று சிரித்தார். வேண்டாம், அந்த இலவசப் படத்தைக் கேட்ட இதழுக்கு ஒரு விலை குறிப்பிட்டு எழுதுங்கள், உரிமை உங்களிடமே இருக்கும் என்றும் எழுதுங்கள் என்றேன். எவ்வளவு கேட்பது என்றார். அவர் மனத்தில் இருந்த தொகையைச் சொல்லச் சொல்லி, அதைப்போல் மூன்று மடங்கு எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கி இரண்டு மடங்கு எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.