மால்பிகி கண்ட மணிகள்

நம் முதுகெலும்பின் இரு மருங்கிலும், விலாவெலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதை போன்ற வடிவுடைய இரண்டு உறுப்புகள் அமைந்துள்ளன. இவையே சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் உடையது. நீளவாக்கில் பிளந்து நோக்கினால், வெளிப்புறத்தே வெளிறிய அடுக்கு ஒன்றும் உட்புறத்தே கூம்பு வடிவான பகுதிகளும் தோன்றும். அதற்குமேல் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது மிகச் சிறிதே.

ஆதலால் பண்டை மருத்துவர் பலர், இவ்வுறுப்பின் பெரும்பகுதி குருதி உறைந்து கெட்டிப்பட்டு உண்டான பிண்டம் என்றே கருதினர். குருதியினின்று சிறுநீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் ஆற்றல் ஒன்று சிறுநீரகத்துக்கு உண்டு என்று, 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென் எழுதி வைத்தார். அவ்வாற்றல் எத்தகையது, அஃது எங்ஙனம் தொழிற்படுகிறது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்திலது. ஒன்றற்குப் பெயரிட்டு விட்டால் அதனை விளக்கிவிட்டதாக எண்ணுவது மக்கள் இயல்பு போலும்! ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் அப்பெயரே விளக்கமாக நின்றது.

அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் மார்செல்லோ மால்பிகி. இத்தாலி நாட்டில், போலோனா நகருக்கு அணித்தாகவுள்ள கிரெவால்கோரே என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் பிறந்தார். அதே ஆண்டில்தான், குருதி இதயத்தினின்று புறப்பட்டு உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்தையே அடைகிறது என்னும் பேருண்மையை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டார்.

மால்பிகி போலோனாப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த காலத்தில், 1649ஆம் ஆண்டில், தந்தை, தாய், பாட்டி ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தம்பி தங்கையரைப் புரக்கும் பொறுப்பும் நிலபுலங்களைக் காக்கும் பொறுப்பும் மூத்தவராகிய அவர் தலைமேல் விழுந்தன. போதாக்குறைக்கு, எல்லைத் தகராறு காரணமாக அண்டை நிலத்தாராகிய ஸ்பராலியா குடும்பத்தாரோடு தீராப் பகையும் இருந்தது. இவற்றுக்கிடையே படிப்பைத் தொடர்ந்து, 1653இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பேராசிரியர் மஸ்ஸாரி என்பார், தேர்ந்தெடுத்த சில மாணவரைத் தம் இல்லத்தில் கூட்டி, உடல்களை அறுத்து ஆராய்ந்து வந்தார். அக்குழுவில் மால்பிகியும் ஒருவர். பின்னர் அவ்வாசிரியரின் தங்கையையே மணந்துகொண்டார்.

1656இல் பீசா நகரப் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. அங்குக் கணித அறிஞர் பொரெல்லியின் நட்புக் கிடைத்தது. உயிருடல் ஒரு பொறி போன்றது. அதன் உறுப்புகளின் அமைப்பைக் கண்டால் தொழிலும் விளங்கும் என்பது பொரெல்லியின் கொள்கை. மால்பிகியின் உள்ளத்தில் அக்கொள்கை ஆழப் பதிந்தது. ஆயினும் பீசாவின் தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. 1659இல் போலோனாவுக்குத் திரும்பினார்.

ஹார்வியின் கொள்கையில் ஒரு குறை இருந்தது. தமனியின் குருதி சிரைக்குள் எவ்வழியே செல்கிறது என்பதை அவர் கண்டாரில்லை. காணாமலே 1657இல் மறைந்தார். மால்பிகி தவளையின் நுரையீரலை எடுத்துக்கொண்டார். மெல்லியதாய், ஒளி ஊடுருவத் தக்கதாய் உள்ள அதனை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கியபொழுது, தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழல்கள் வலைபோல் பின்னிக் கிடத்தல் கண்டார். இன்று தந்துகிகள் என நாம் வழங்குவன அவையே. 1661இல் பொரெல்லிக்கு எழுதிய இரண்டு மடல்களின் வாயிலாக இதனை உலகுக்கு அறிவித்தார். தம் ஆராய்ச்சிக்காகத் தவளைக் குலத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதாக அம்மடலில் அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டதும் உண்டு.

அடுத்து அவர் கருத்துச் சென்றது சிறுநீரகத்தின்பால். 1662இல், இருபது வயது நிரம்பாத இளைஞர் பெல்லினி, சிறுநீரகம் வெறும் பிண்டமன்று, அதனுள் நுண்குழாய்கள் திரள்திரளாக ஓடுகின்றன என்று காட்டியிருந்தார். அக்குழாய்கள் எங்கே தொடங்குகின்றன? குருதி அவற்றை எங்கே எட்டுகிறது? விலங்குகளின் சிறுநீரகங்களையும் மனிதரின் சிறுநீரகத்தையும் மால்பிகி ஆராய்ந்தார். மதுச்சாரத்திற் கலந்த கரிய நீர்மத்தைச் சிறுநீரகத் தமனிக்குள் செலுத்தினார். அது பெருங்கிளை, சிறுகிளை, நுண்கிளை எனப் பரவிச் சென்றது. பின்னர் உறுப்பைப் பிளந்து நுண்ணோக்கியால் நோக்கினார். வெளியடுக்கு முழுவதிலும், கறுத்த நுண்கிளைகளின் நுனிதோறும், மரக்கிளைகளில் ஆப்பிள் பழங்கள் தொங்குவன போலச் சின்னஞ்சிறு மணிகள் தொங்கின! ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே குறுக்களவுள்ள அம்மணிகளை அதற்குமுன் எவரும் விளக்கி எழுதியதில்லை.

குருதியினின்று சிறுநீர் பிரியும் இடம் இம்மணிகளே என்று அவர் கொண்டார். அங்ஙனமாயின் மணியும் குழாயும் இணைந்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்விணைப்பைக் காண எத்தனையோ வழிகளில் முயன்றார். செலுத்திய மை மணிகள் வரை சென்றதேயன்றி, அங்கிருந்து குழாய்க்குள் புகவில்லை. கண்டது இது, கருதுவது இது என்று பிரித்தெழுதி, 1666ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். காணாததைக் கண்டதாக எழுதியிருந்தால் அன்று மறுப்பதற்கு எவருமில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மணிகளைச் சுரப்பிகள் என்று அவர் எண்ணியது பிழையே. பின்வந்த டச்சு அறிஞர் ரூயிஷ், அவை குருதிக் குழல்களின் சுருள்களேயன்றி வேறல்ல என்று வாதிட்டார். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1842இல் ஆங்கிலேயர் வில்லியம் பௌமன், குழாயின் தொடக்க முனை கிண்ணம்போல் விரிந்து தந்துகிச் சுருளைத் தன்னுள் அடக்கியுள்ளது என்று காட்டினார். மால்பிகி தேடிய இணைப்பு, 176 ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு புலனாயிற்று.

அதன் தொழிலை இன்று நாம் நன்கு அறிவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் மணிகள் உள்ளன. இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. சுருளுக்குள் குருதியின் அழுத்தம் மிகுதி. அவ்வழுத்தத்தால் நீரும் உப்பும் சர்க்கரையும் கழிவுகளும் வடிந்து கிண்ணத்தில் இறங்குகின்றன. குருதியணுக்களும் பெரும்பான்மைப் புரதங்களும் வடிவதில்லை. ஒரு நாளில் வடியும் நீர் 180 லிட்டர்! அத்தனையும் வெளியேறினால் நாம் உயிர் பிழைப்பது எங்ஙனம்? வளைந்து நெளிந்து செல்லும் குழாய், உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும், இயல்பான நிலையில் சர்க்கரை முழுவதையும் மீண்டும் உறிஞ்சிக் குருதிக்கே அளித்து விடுகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகக் கழிகிறது. மணியில் வடிவது புரதமற்ற நீரே என்பதை, 1924இல் அமெரிக்க அறிஞர்கள் நுண்ணிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சியெடுத்து மெய்ப்பித்தனர். அவ்வாராய்ச்சிக்கும் உதவியது தவளைதான்.

மால்பிகியின் பிற்கால வாழ்வு அமைதியாக அமையவில்லை. இலண்டன் அரச கழகம் 1669இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்து, அவருடைய நூல்களை அச்சிட்டுப் பெருமைப்படுத்தியது. சொந்த ஊரிலோ எதிர்ப்பு வலுத்தது. 1684இல் அவர் வீட்டில் தீப்பற்றி, நுண்ணோக்கிகளும் பல்லாண்டுக் குறிப்புகளும் எரிந்து போயின. 1689இல் முகமூடி அணிந்த சிலர் அவருடைய நாட்டுப்புற இல்லத்துட் புகுந்து அவரைத் தாக்கினர். அதே ஆண்டில், பகைக்குடியிற் பிறந்து மருத்துவப் பேராசிரியராக விளங்கிய ஜெரோலமோ ஸ்பராலியா, நுண்ணோக்கியால் உறுப்புகளைத் துருவிப் பார்ப்பதால் நோயாளிக்கு எள்ளளவும் பயனில்லை என்று வாதிட்டு மடலொன்று வெளியிட்டார். மால்பிகியின் மணிகளை அறிந்ததனால் அன்று எந்த நோயும் தீரவில்லை. ஆதலின் அவ்வாதம் பலருக்கு ஏற்புடையதாகவே தோன்றியது. உறுப்பின் அமைப்பை அறியாமல் அதன் கேட்டை அறிதல் இயலாது என்று மால்பிகி விரிவாக மறுமொழி எழுதினார். அவர் மறைந்தபின், 1697இல் இலண்டனில் அச்சான நூலில் அது இடம்பெற்றது.

1691இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் இன்னொசென்ட் அவரைத் தம் மருத்துவராக ரோமுக்கு அழைத்தார். முதுமையும் நோயும் வாட்ட, தயக்கத்தோடு சென்றார். நெடுநாளாகவே கல்லடைப்பு நோய் அவரை வருத்தி வந்தது. 1694ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ரோம் நகரில் உயிர் நீத்தார். பாலிவி என்னும் இளம் மருத்துவர் அவ்வுடலை அறுத்துச் சோதித்தார். மூளையினுள் குருதி கசிந்து உறைந்திருந்தது. அதுவே இறப்புக்குக் காரணம். மேலும் நோக்கியபொழுது, ஒரு சிறுநீரகம் மற்றொன்றில் பாதியளவே இருப்பதையும், அதன் உட்குழி விரிந்து போயிருப்பதையும் கண்டு குறித்துக்கொண்டார். பின்னர் அவ்வுடல் போலோனாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது.