உடையவர் திறந்த வாயில்

மக்கட்பிறவி எடுத்தார்க்கு உணவும் உடையும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது, இவன் நம்மவன் எனப் பிறரால் ஏற்றுக்கொள்ளப்படுதல். அப்பேறு இல்லாதான் செல்வம் பல உடையனாயினும் வறியனே. அதனை இறைவன் அருளால் தாம் பெற்று, பெற்றதைத் தம்மளவில் அடைத்து வையாது பிறர்க்கும் வழங்கிய பெரியாருள் தலைசிறந்தவர் இராமாநுசர். அவர் வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. எனினும் இவ்வொரு நோக்கில் அதனைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1017ஆம் ஆண்டிற் சித்திரைத் திருவாதிரையில் திருப்பெரும்பூதூரில் அவதரித்தார். இளையாழ்வார் என்பது பிள்ளைத் திருநாமம். காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். மாணவரின் நுண்ணறிவு ஆசிரியர்க்கு அழுக்காறாயிற்று. கங்கை யாத்திரை என்னும் பெயரால் அழைத்துச் சென்று வழியில் உயிர் போக்கச் சூழ்ந்தனர். உடன் சென்ற கோவிந்தர் அதனைக் குறிப்பால் உணர்த்தவே, இளையாழ்வார் நள்ளிரவில் விந்தியக் காட்டிற் பிரிந்து நின்றார். கற்ற இடம் பகையாயிற்று. பிறந்த ஊரோ எட்டாத் தொலைவிலிருந்தது. அந்நிலையில் ஒரு வேடனும் வேட்டுவச்சியும் தோன்றி வழித்துணையாயினர். விடியற்காலையில் வேட்டுவச்சி நீர்வேட்கை கொண்டாள். இவர் கிணற்றிலிருந்து நீர் கொணர்ந்து ஈந்தார். மீண்டும் நீர் முகந்து வந்து நோக்குங்கால் இருவரையும் காணார். நின்ற இடமோ காஞ்சி! வந்தவர் பேரருளாளனும் பெருந்தேவியுமே எனத் தெளிந்து, அன்றுமுதல் அச்சாலைக்கிணற்று நீரையே திருமஞ்சனத்திற்குச் சுமந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். தம்மைக் காக்க இறைவன் வேடனாய் வந்தான் என்னும் நினைவு அவர் நெஞ்சைவிட்டு என்றும் நீங்கிற்றிலது போலும்.

காஞ்சியில் திருவாலவட்டக் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் வைசிய குலத்திற் பிறந்தவர். அவரையே ஆசிரியராகக் கொள்ள இவர் விழைந்தார். நம்பிகள் குலமுறை கூறி மறுத்தார். அவர் உண்ட மிச்சிலையேனும் உண்போம் எனக் கருதி விருந்துக்கு அழைத்தார். இவர் இல்லாத நேரத்தே நம்பிகள் வந்து உண்டு மீண்டார். மனைவியார் தஞ்சமாம்பாளோ, எஞ்சிய உணவைப் பிறர்க்கு ஈந்து, இடத்தை மெழுகி, நீராடிப் புதிதாகச் சமைக்கலானார். திரும்பி வந்து கண்ட இராமாநுசர் உள்ளம் நைந்தார். ஊரார் செய்யும் இழிவினும் தம் இல்லத்தே நிகழ்ந்த இழிவு அவரை மிகுதியும் வருத்திற்று. பின்னர் அவர் துறவு பூண்டமைக்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணமாயின.

திருவரங்கம் சேர்ந்தபின், திருமந்திரத்தின் உட்பொருள் வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார். எளிதிற் பெறாததை எளிதில் ஈதல் உலகத்து இயல்பன்று. அவரோ பெற்றவுடன், வேட்கையுடையார் அனைவரும் கேட்க வெளியிட்டார். ஆசிரியர் ஆணையைக் கடந்தார்க்கு நரகமே பயன் என்பதை அறிந்தே செய்தார். தாம் ஒருவர் வீழினும் பலர் உய்வர் என்னும் துணிவு கண்டு, சினந்த ஆசிரியரே அவரைத் தழுவிக்கொண்டார்.

உறையூர் மல்லராகிய உறங்காவில்லியை அரங்கன் திருக்கண்ணழகு காட்டி ஆட்கொண்டார். காவிரிக்கு நீராடச் செல்லுங்கால் அந்தணராகிய முதலியாண்டான் கைபற்றிச் சென்று, நீராடி மீளுங்கால் அவ்வில்லியின் கைபற்றி வந்தார். கண்டவர் முணுமுணுத்தனர், அவர் அக்கையை விட்டாரல்லர்.

மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையின் திருமேனியை மீட்டுவருங்கால் உதவிய தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டு, ஆண்டிற் சில நாட்கள் ஆலயம் புகும் உரிமையும் அளித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அப்பெருமானைப் பிரியாது வந்த முகம்மதிய அரசிளங்குமரியும் பீபி நாச்சியார் என அங்கே வணங்கப்பெறுகின்றாள். 1137ஆம் ஆண்டில் இராமாநுசர் திருவரங்கத்தே திருநாடு எய்தினார். அவர் அங்கே சில நாட்களுக்குத் திறந்தது போன்ற வாயிலைச் சென்னை மாகாணத்து ஆலயங்களில் எல்லா நாட்களுக்கும் திறக்க, 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியதாயிற்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளை எண்ணுங்கால் நாணமே மிகுகின்றது.

அன்பர்களே! நமக்கு மேலுள்ளார் எனப்படுவோரிடம் சமவிடம் கேட்பதில் நாம் ஒருவர்க்கும் பின்னிடுவதில்லை. நமக்குக் கீழுள்ளார் என நாம் கருதுவோர் நம் இல்லத்து வந்து உண்டு போனால், அவ்விடத்தை மெழுகுகின்றோமா இல்லையா என்பதை நம் நெஞ்சையே வினவுவோமாக. மேலே கேட்பதைக் கீழே கொடாதார்க்குக் கேட்கும் உரிமையும் இல்லை. காட்டில் வழியிழந்து நின்ற ஒருவர்க்கு இறைவன் கைகொடுத்தான். அக்கையே பின்னர் எத்துணையோ பேரைப் பற்றிக்கொண்டது. அவன் அருளுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு வேறொன்றும் இல்லை என்பதே நம் துணிபு.