ஒரு சோறு பதம் பார்த்த பேராசிரியர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அந்த ஒரு சோற்றை எப்படி எடுப்பது என்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893-இல் கல்கத்தாவில் பிறந்தார். படித்தது பௌதிகம். லண்டனில் படிக்கப் போனவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போய்க் கடைசி ரயிலைத் தவறவிட்டு, கடைசியில் அங்கேயே சேர்ந்துவிட்டார்! நம் கும்பகோணத்து ராமானுஜம் அங்கே அவருக்கு நண்பர். இராத்திரி குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜம் ஒரு நாள் சொல்ல, இவர் நேரே போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு செருகியபடியே இருந்தன. கணித மேதை அவற்றின் மேலேயே படுத்திருக்கிறார், பாவம்! கம்பளியை விலக்கி உள்ளே படுக்கும் விதத்தை இவர்தான் காட்டிக் கொடுத்தார். கேட்டதோடு நிற்காமல் தொட்டுப் பார்ப்பதுதான் அவர் சுபாவம்.

ஊர் திரும்பிப் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். புள்ளிவிவரக் கலையில் ஆசை முற்றி, 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். கல்லூரியில் ஓர் அறைதான் அதற்கு இடம்.

அந்நாளில் வங்காளத்துக்குப் பெரிய பயிர் சணல். எவ்வளவு விளைந்தது என்று தெரியாமல் விலை பேசுவது எப்படி? எல்லா வயலையும் எண்ணிவிட்டால் தப்பே வராது என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்கள் எண்ணும்போது, வயலுக்கே போகாமல் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறவனும் இருப்பானே! மகலனோபிஸ் சில வயல்களை மட்டும், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, பொறுக்கினார். நல்ல வயல், ரோட்டோரத்து வயல் என்று மனிதன் தேர்ந்தெடுக்கக்கூடாது. அதோடு விடவில்லை. ஒரே வட்டாரத்துக்கு இரண்டு கூட்டத்தாரைத் தனித்தனியே அனுப்பி, இரண்டு கணக்கும் ஒத்து வருகிறதா என்று பார்த்தார். ஒத்து வராவிட்டால் எங்கோ கோளாறு. 1940-களில் அவர் கணக்குக்கு ஆன செலவு முழுக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான். வியாபாரிகளிடம் வந்து சேர்ந்த சணலோடு நெருங்கியதும் அதுவே.

நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பால் நிறுக்கும் இடத்தில் வாளியை நன்றாகக் கலக்கிய பிறகுதானே மாதிரிப் பால் எடுக்க வேண்டும்? கலக்காமல் மேலாக எடுத்தால் கணக்கும் தப்பு, கூலியும் தப்பு.

1950-இல் இந்தியா முழுதும் இந்த முறையில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமாயிருந்தவரும் இவரே. 1972 ஜூன் 28-இல் காலமானார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். அந்த ஜூன் 29-ஐத்தான் 2007 முதல் இந்தியாவில் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.