உழவரிடம் பாடங்கேட்ட அறிஞர்

கற்பிக்க வந்த ஒருவர் மாணாக்கராய் மாறிய வரலாற்றினை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் சேர் அல்பேட் ஹவார்ட். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகின்றது.

1873ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சுரோப்சயர்ப் பகுதியில், உழவர் குடியொன்றில் அவர் பிறந்தார். கேம்பிறிட்ஜிற் பயின்று, மேற்கிந்தியத் தீவுகளிற் பயிர்நோய் ஆராய்ந்தார். ஆயினும், தாம் கூறும் பரிகாரத்தைத் தாமே பயிரிட்டுப் பரீட்சிக்க அங்கு அவருக்கு நிலமில்லை. அக்குறை அவர் உள்ளத்தை உறுத்திற்று. 1905இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தபின்னரே அது நீங்கிற்று. ஏறக்குறைய 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் வந்தது.

அயலிலிருந்த உழவர்கள், செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இன்றியே நோயற்ற பயிர் விளைத்தலை அவர் கண்டார். அவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசான்களாகக் கொண்டார். பூச்சி வெறும் பகையன்று, மண்ணின் குறையை அறிவிக்கும் தூது என்பதே அவர் கற்ற பாடம். அவர்தம் மனைவியார் கேப்ரியேலும் தாவரவியல் வல்லுநர். இருவருங்கூடி உருவாக்கிய பூசாக் கோதுமையினங்கள் புகழ்பெற்றன.

1924இல் இந்தூரிற் பணியேற்றார். மாளவத்துக் கரிசல் மண் இயல்பாகவே வளமிக்கது. எனினும் சாணமும் பருத்திச் செடியின் தண்டும் அடுப்பில் எரிந்தன. நிலத்துக்குரிய செல்வம் புகையாயிற்று. ஹவார்ட் இதற்கு வழி கண்டார். தாவரக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் குழியில் அடுக்கி, ஈரமுங் காற்றுங் குறையாது பேணி, இடையிடையே புரட்டிவிட்டால், மூன்று திங்களிற் கூட்டெரு ஆயத்தமாகும். இந்தூர் முறை எனப்படும் இதனை, யசுவந்த் வாட் என்பாருடன் இணைந்து 1931இல் நூலாக்கினார். அந்நூலைக் காணாமலே, 1930இற் கேப்ரியேல் காலமானார்.

1931இல் ஓய்வுபெற்றுத் தாயகம் மீண்ட ஹவார்ட், தம் கொள்கைகளை 1940இல் மற்றொரு நூலில் விரித்துரைத்தார். இரசாயனப் பசளையை அவர் வன்மையாகக் கண்டித்தார். விஞ்ஞானிகள் பலர் அதற்கு உடன்பட்டிலர். 1947இல் மறையும்வரை அவர் தம் கொள்கையினின்றும் பிறழவில்லை.

அவ்வழக்கினைத் தீர்த்துவைக்க யான் வல்லேனல்லேன். ஆயின் ஒன்று கூறுவேன். 2021 மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி சடுதியாகத் தடைசெய்யப்பட்டது. நெல்லுந் தேயிலையும் விளைவு குன்றின. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. கமக்காரர் பட்ட இழப்போ நீங்கவில்லை. இயற்கை வேளாண்மையின் பேரால் அது நிகழ்ந்தது. ஆனால் அது ஹவார்டின் வழியன்று. அவர் இருபத்தாறு ஆண்டுகள் உழவரிடங் கற்றார்; நாமோ உழவரைக் கேளாமலே கட்டளையிட்டோம். ஒரு குழி எருவுக்கே மூன்று திங்கள் வேண்டும். ஒரு நாட்டின் மண்ணுக்கு எத்துணைக் காலம் வேண்டும்!

மண்ணைத் திருத்த விரும்புவோர் முதலில் மண்ணறிந்தாரிடம் மாணாக்கராதல் வேண்டும். ஹவார்டின் வாழ்க்கையினின்று நம் இளைஞர் கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.