ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் வளர்ந்த வீடு

தஞ்சைத் தரணியில் நமது மக்கள் வாழும் ஊர்களில் ஒரு வீட்டைப் பேணுதலான வீடு என்று சொன்னால், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்காது என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அத்தாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் பிள்ளைகள் கோலிக்குண்டுகளைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். இதற்கு மரியாதை என்று பெயர். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடுகள் என்று பொருள் தேடிப் போன சபுராளி, ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒரு முறை விடுப்பில் ஊர் வருகிறார். கைப்பேசியில் நாள்தோறும் பார்த்த முகம்தான். ஆனாலும் நேரில் கண்டதும் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிகிறது. வந்தவர் தொழுகையைப் பற்றிக் கேட்கிறார், ஓதலைப் பற்றிக் கேட்கிறார், பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணைக் கேட்கிறார். எல்லாம் கேட்க வேண்டியவைதாம். ஆனால் அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து சற்று நேரம் விளையாட மட்டும் அவருக்கு வெட்கமாக இருக்கிறது. அது தீனுக்கும் தாடிக்கும் பொருந்தாத காரியம் என்று அவருடைய மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது.

இத்தகைய அன்பர்கள் ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடைய சரித்திரத்தை ஒரு முறை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

திருமதீனாவின் கஸ்ரஜ் கிளையைச் சேர்ந்த பனூ நஜ்ஜார் குடும்பத்தில் பிறந்தவர்கள் அனஸ் (ரலி). தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் முதல் வரிசையில் இஸ்லாத்தை ஏற்றவர்கள். மழலை பேசும் பிள்ளைக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுத்த அந்த அம்மையார் மீது கணவர் மாலிக் கோபம் கொண்டார். ஊரை விட்டு ஷாம் தேசம் போனவர் அங்கேயே மாண்டார். பின்னர் அபூதல்ஹா (ரலி) அவர்கள் பெண் கேட்டு வந்தபோது, அவர் இஸ்லாத்தில் இணைவதே தமக்கு மஹர் என்று கூறி, அவ்விதமே மணம் முடித்துக்கொண்டார்கள் அந்த வீரத் தாய்.

கி.பி. 622-ல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அனஸுக்குப் பத்து வயது. ஊரார் ஆளுக்கொரு அன்பளிப்புக் கொண்டுவந்தார்கள். உம்மு ஸுலைம் (ரலி) தம்மிடம் இருந்த பிள்ளையையே கைபிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பணிவிடைக்கு விட்டார்கள். பெருமானார் இவ்வுலகைப் பிரியும் வரை, பத்தாண்டுகள் அந்தப் பணி நீடித்தது. வேலைக்கு விடப்பட்ட சிறுவன்தான். வளர்ந்ததோ வீட்டுப் பிள்ளையாக. அந்தப் பத்தாண்டுகளில் ஒரு நாளும் பெருமானார் சலித்து ஒரு சொல் சொன்னதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று முதுமையில் அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஒரு காரியமாகப் போய்வரச் சொன்னார்கள். சிறுபிள்ளை வீம்பு, போகமாட்டேன் என்று அனஸ் சொல்லிவிட்டார்கள். மனத்துக்குள் போக வேண்டும் என்ற எண்ணம்தான். புறப்பட்டும் போனார்கள். வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கால் நின்றுவிட்டது. வேலை மறந்துவிட்டது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு கை அவர்களுடைய பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் பெருமானார் (ஸல்) அவர்கள்; முகமெல்லாம் சிரிப்பு. உனைஸ் என்று செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்று ஓடினார்கள் அனஸ். அவ்வளவுதான் விசாரணை. ஓர் எசமானனிடம், ஏன், ஒரு தகப்பனிடம் இந்தக் குற்றம் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நம் தெருக்களை அறிந்தவர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

வேறொரு நாள் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் பெருமானாரே வந்து, அத்தனை பேருக்கும் ஸலாம் சொல்லி, அனஸை மட்டும் தனியே அழைத்து ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் காரணம் கேட்டார்கள். பெருமானாரின் அலுவல், அது ரகசியம் என்றான் பிள்ளை. அப்படியானால் யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்கள் உம்மு ஸுலைம் (ரலி). தன்னிடமாவது சொல்லேன் என்று துருவவில்லை. அந்த ரகசியம் என்ன என்பது இன்று வரை உலகுக்குத் தெரியாது. விளையாடும் பிள்ளையை ஒரு பெரிய மனிதராக மதித்து ஸலாம் சொன்னவர்கள், அந்தப் பிள்ளையிடம் ஒரு ரகசியத்தையும் நம்பி ஒப்படைத்தார்கள்.

இரண்டு காதுடையவனே என்று பெருமானார் அனஸை விளையாட்டாக அழைத்ததுண்டு. யாருக்குத்தான் இரண்டு காதில்லை! சொன்னதைக் கவனமாகக் கேட்கிற பிள்ளை என்ற பாராட்டும் அந்த வேடிக்கைக்குள் இருப்பதாக விரிவுரையாளர்கள் கூறுவார்கள். அபூ ஹம்ஸா என்ற அவர்களுடைய புனைபெயர் வந்த வரலாறும் இத்தகையதே. நாக்கைச் சுறுக்கென்று பிடிக்கும் ஒரு வகைக் கீரையை அனஸ் பறிப்பது வழக்கம். அந்தக் கீரையின் பெயரைக் கொண்டே அப்படி அழைத்தார்கள். விளையாட்டிலும் பொய் கலக்காது, எவர் மனமும் புண்படாது. இது பெருமானாரின் நகைச்சுவைக்குரிய இலக்கணம்; நம்முடைய கேலிக்கும் அதற்கும் உள்ள தூரம் அதிகம்.

உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வீட்டுக்குப் பெருமானார் அடிக்கடி வருவார்கள். பகல் தூக்கமும் அங்கே உண்டு. ஒரு முறை அனஸின் பாட்டியார் முலைக்கா (ரலி) விருந்து சமைத்து அழைத்தார்கள். உண்டு முடித்ததும், இவர்களுக்காகத் தொழவைக்கிறேன் என்று பெருமானார் எழுந்தார்கள். விரிக்க அந்த வீட்டில் இருந்தது, புழங்கிப் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய். அனஸ் அதில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். முன்னால் பெருமானார், பின்னால் அனஸும் ஓர் அநாதைச் சிறுவனும், அவர்களுக்கும் பின்னால் பாட்டியார். எத்தனை பெரிய ஜமாஅத்! பிக்ஹு நூல்களில் ஸஃப்பு நிற்கும் முறைக்கு இந்தப் பழம்பாய்த் தொழுகை ஆதாரமாகிவிட்டது.

அந்த வீட்டில் அனஸுக்கு ஒரு தம்பி. அபூதல்ஹாவுக்குப் பிறந்த குழந்தை. அபூ உமைர் என்று பெரியவர்களுக்குரிய பெயரால் அந்தப் பொடியனைப் பெருமானார் அழைப்பார்கள். அவன் சிவந்த அலகுடைய ஒரு சின்னஞ்சிறு பறவையை வளர்த்துவந்தான். நம் ஊர் ஓட்டு வீடுகளின் முற்றத்தில் கூடு கட்டுகிற சிட்டுக்குருவி அளவு இருக்கும். ஒரு நாள் பெருமானார் வந்தபோது அவன் வாடிய முகத்தோடு இருந்தான். என்னவென்று விசாரித்தார்கள், பறவை செத்துப்போய்விட்டது என்றார்கள் வீட்டார். உடனே அவனருகே சென்று, அவனுடைய பெயரும் பறவையின் பெயரும் எதுகையாக ஒலிக்கும்படி, அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று துக்கம் விசாரித்தார்கள்.

மதீனாவின் ஆட்சியும் படையும் அந்த ஒரு மனிதரின் தோளில் இருந்த காலம் அது. செத்துப்போன ஒரு குருவிக்காக அவர்கள் நின்றார்கள். ஹிஜ்ரி 335-ல் மறைந்த ஷாஃபியீ மேதை இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்தச் சிறு ஹதீஸ் ஒன்றிலிருந்தே அறுபது பலன்களை எடுத்துத் தனி நூலாக எழுதினார்கள். ஹதீஸ் கலையினர் பயனற்ற செய்திகளையெல்லாம் அறிவிக்கிறார்கள் என்று சிலர் இந்தக் குருவிக் கதையைக் காட்டி ஏளனம் செய்ததுதான் அந்த நூலுக்குக் காரணமாயிற்று. வீட்டுக்குள் நடக்கிற விளையாட்டை அற்பமென்று எண்ணுகிற கூட்டம் அன்றும் இருந்திருக்கிறது.

பிறகு அந்தக் குழந்தையும் நோயுற்று இறந்தது. அபூதல்ஹா (ரலி) வெளியே போயிருந்த சமயம் மரணமடைந்த பிள்ளை இந்த அபூ உமைர்தான் என்று விரிவுரையாளர்கள் பலர் கருதுகிறார்கள். உம்மு ஸுலைம் (ரலி) குழந்தையைக் குளிப்பாட்டி மூடிவைத்துவிட்டு, திரும்பி வந்த கணவருக்கு உணவு பரிமாறி, இரவு கழிந்த பின்னரே, இரவலாகக் கொடுத்த பொருளை உடையவன் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னார்கள். அந்தத் தம்பதியருக்காகப் பெருமானார் துஆ செய்தார்கள். அடுத்துப் பிறந்த குழந்தையை அனஸ்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், சில பேரீச்சம்பழங்களோடு. பெருமானார் அப்போது ஒட்டகத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்தார்கள். அது சப்புக்கொட்டிச் சுவைத்தது. அன்ஸாரிகளுக்குப் பேரீச்சம்பழம் என்றால் உயிர் என்று வேடிக்கையாகச் சொல்லி, அப்துல்லாஹ் எனப் பெயரிட்டார்கள். குருவிக்காக நின்ற வீட்டில் மரணமும் வந்தது. அதன் பின் சிரிப்பும் திரும்ப வந்தது.

அனஸ் (ரலி) வாலிபத்தை எட்டிய நாளில் மக்காவுக்கு அருகே மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஒரு முயலைக் கிளப்பிவிட்டார்கள். கூட வந்தவர்கள் துரத்திக் களைத்து நின்றுவிட, அனஸ் ஓடிப் பிடித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் நம் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும். அபூதல்ஹா (ரலி) அதை அறுத்துத் தொடைக்கறியைப் பெருமானாருக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முயல் கறி ஆகுமானது என்ற சட்டம் இதிலிருந்து கிடைத்தது.

சுரைக்காய் விஷயமும் இப்படித்தான். ஒரு தையற்காரர் பெருமானாரை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டி; உப்புக்கண்டமும் சுரைக்காயும் போட்ட குழம்பு. பெருமானார் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுப்பதை அனஸ் கவனித்தார்கள். தாமும் துண்டுகளைப் பொறுக்கி அவர்கள் பக்கம் நகர்த்திவைத்தார்கள். அன்று முதல் சுரைக்காய் அவர்களுக்கும் பிரியமான கறியாயிற்று. நம் பகுதியில் கூரைமேல் படர்ந்து கேட்பாரில்லாமல் காய்த்துக் கிடக்கிற காய்தான். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, அன்பர்களே. ஒருவர் விரும்பியதைப் பார்த்துத் தாமும் விரும்பிய பாசத்தின் அடையாளம்.

பெருநாட்களைப் பற்றிய செய்தியும் அனஸ் (ரலி) வழியாகவே நமக்கு வந்தது. மதீனாவாசிகளுக்கு அறியாமைக் காலத்தில் விளையாடிக் களிக்க இரண்டு நாட்கள் இருந்தன. பெருமானார் அவற்றை நீக்கி, அவற்றினும் மேலானவையாக இரண்டு பெருநாட்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்று அறிவித்தார்கள். களிப்பை எடுத்துவிட்டு வெறுமையைக் கொடுக்கவில்லை; சிறந்ததைக் கொடுத்தார்கள். சூதும் ஆபாசமும் கலந்தவையும், தொழுகை நேரத்தை விழுங்குபவையும் விலக்கப்பட்டவை. அவற்றைக் காரணம் காட்டி வீட்டின் எல்லாச் சிரிப்பையும் அடைத்துவிட நமக்கு அனுமதி ஏது?

பெருமானார் மறைந்தபோது அனஸுக்கு இருபது வயது. முதல் கலீஃபா காலத்தில் ஜகாத் வசூலிக்க பஹ்ரைன் போனார்கள். பின்னர் பஸராவில் குடியேறினார்கள். பொருளும் மக்களும் பெருகத் தாயாரின் வேண்டுகோளின் பேரில் பெருமானார் செய்த துஆ பலித்தது. அவர்களுடைய தோட்டம் ஆண்டுக்கு இரு முறை காய்த்தது. மக்களும் பேரர்களுமாக வீடு நிரம்பியது. ஆனால் அதே வீட்டிலிருந்து, கொடுங்கோலன் ஹஜ்ஜாஜ் பஸராவுக்கு வருவதற்கு முன்பே, நூற்றிருபதுக்கும் மேற்பட்ட சந்ததிகளை அடக்கம் செய்யவும் நேர்ந்தது. இந்தக் கணக்கை அவர்களுடைய மகள் உமைனா எடுத்துச் சொன்னதாக அவர்களே கூறியிருக்கிறார்கள். அந்த ஹஜ்ஜாஜின் கையில் முதுமையில் அவமானமும் பட்டார்கள்.

இவ்வளவையும் கண்ட முதியவரிடம் ஹதீஸ் கேட்க நெடுந்தூரத்திலிருந்து மாணவர்கள் வந்தார்கள். 2286 ஹதீஸ்கள் அவர்கள் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளன. போர்களும் சட்டங்களும் அவற்றில் உண்டு. அவற்றோடு பிடரியைப் பிடித்த கையும், குருவியும், கறுத்த பாயும், சுரைக்காயும் இருக்கின்றன. எண்பது ஆண்டுகள் கழிந்தும் அவை அவர்களுக்கு மறக்கவில்லை.

மாணவர் தாபித் அல்புனானீ (ரஹ்) உடன் நடந்துபோகையில் சிறுவர்களைக் கண்டால் அனஸ் (ரலி) நின்று ஸலாம் சொல்வார்கள்; பெருமானார் இப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். குர்ஆனை ஓதி முடிக்கும் நாளில் மனைவி மக்களையெல்லாம் ஒன்றுகூட்டி உட்காரவைத்துத் துஆ ஓதுவார்கள். பஸராவை அடுத்த ஸாவியாவில் இருக்கும்போது பெருநாள் தொழுகை தவறிவிட்டால், குடும்பத்தாரைக் கூட்டி அங்கேயே தொழுகை நடத்தச் செய்வார்கள். பிள்ளைகள் அம்பெய்து விளையாடும்போது விரிப்புப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் அவர்களுடைய வழக்கம். ஒரு நாள் எல்லாரும் குறி தவறி எய்துகொண்டிருந்தார்கள். என்ன மோசமாக எய்கிறீர்கள் பிள்ளைகளே என்று கிழவர் வில்லை வாங்கினார்கள். அம்பு குறியிலேயே போய்த் தைத்தது.

ஹிஜ்ரி 93-ல், கி.பி. 712 வாக்கில், நூறு வயதை ஒட்டி பஸராவில் வஃபாத்தானார்கள். அவ்வூரில் வாழ்ந்த ஸஹாபாக்களில் கடைசியாகப் பிரிந்தவர்கள் அவர்களே. பெருமானாரின் சிறு கைத்தடி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதை விலாவுக்கும் சட்டைக்கும் இடையே வைத்து அவர்களோடு சேர்த்து நல்லடக்கம் செய்தார்கள்.