பூமியின் வயதைச் சொன்னவர் பெட்ரோல் நிறுவனங்களை எதிர்த்தது ஏன்? யார் இந்த கிளேர் பேட்டர்சன்?

பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள். 1956-ல் இந்தக் கணக்கை வெளியிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன். ஆனா, அவர் செஞ்ச இன்னொரு வேலை நாம சுவாசிக்கிற காற்றையே மாத்துச்சு.

எங்கும் ஈயம்

1922-ல் அயோவா மாகாணத்தில் பிறந்தவர் பேட்டர்சன். பூமியின் வயதைக் கணிக்க, விண்கல்லில் இருக்கும் ஈயத்தை அளக்க வேண்டியிருந்தது. ஆனா, அளவு ஒவ்வொரு முறையும் எகிறியது. காரணம், ஆய்வகக் காற்று, தூசி, தலைமுடி என எல்லாத்திலும் ஈயம்! தூசி நுழையாத ஆய்வகத்தை உருவாக்கித்தான் அவர் வேலையை முடித்தார்.

இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? முக்கியக் காரணம் பெட்ரோல். இன்ஜின் தட்டாமல் ஓட, 1923 முதல் அதில் ஈயம் கலந்து விற்கப்பட்டது.

'எல்லாருக்கும் இருக்கே, அப்புறம் என்ன?'

மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கைதான் என்பது தொழில்துறை தரப்பின் வாதம். 1965-ல் பேட்டர்சன் இதை மறுத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எல்லாரிடமும் இருப்பதால் மட்டும் அது இயற்கை ஆகிவிடாது என்பதே அவர் நிலைப்பாடு. விளைவு? ஆய்வுக்கான நிதி கைவிட்டுப் போனது. 1971-ல் காற்றில் கலக்கும் ஈயம் பற்றி ஆராய்ந்த தேசிய அளவிலான குழுவிலும் அவருக்கு இடமில்லை.

அவர் விடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பெரு நாட்டு எலும்புக்கூடுகளை அவரது குழு ஆராய்ந்தது. இன்றைய மனிதர்களின் எலும்பில் அதைவிடப் பல நூறு மடங்கு ஈயம் இருப்பது 1979-ல் வெளியானது.

பல் எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

ரத்தப் பரிசோதனை, சமீபத்தில் உடலுக்குள் போன ஈயத்தைத்தான் பெரும்பாலும் காட்டும். ஆனா உடல், ஈயத்தைக் கால்சியம்னு நினைச்சு எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வெச்சுடும். எலும்பு காலப்போக்கில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் எனாமல் அப்படி மாறாது. அதனால, பல் வளர்ந்த காலத்தில் சேர்ந்த ஈயம் அங்கேயே தங்கிடும். விலங்குகளுக்கும் இதே கதைதான். அதனாலதான், ஒரு பகுதியில் நீண்டகாலமா ஈய மாசு இருந்ததா என்று அறிய அங்குள்ள விலங்குகளின் பற்களையும் ஆராய்கிறார்கள்.

அதே 1979-ல் இன்னொரு ஆய்வும் வந்தது. மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தார. ஈயம் அதிகம் இருந்த குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள்.

முடிவு என்ன?

அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய கட்டுப்பாடுகள், 1996-ல் வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் விற்க முழுத் தடையாக மாறின. அதைப் பார்க்க பேட்டர்சன் இல்லை. 1995 டிசம்பரில், 73 வயதில் காலமானார். இந்தியாவில் 2000-ல் ஈய பெட்ரோல் விற்பனை நின்றது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில், அந்தக் காலத்து ஈயம் இன்னும் பதிவாகியே இருக்கிறது.