தீனபந்து ஆண்ட்ரூஸ்

கிறிஸ்து மதத்தின் உயிர்நாடி ஜீவகாருண்யம். அதனை வாழ்ந்து காட்டிய பெரியார் சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ். 1871-இல் இங்கிலாந்திற் பிறந்த இப்பாதிரியார், 1904-இல் தில்லி ஸெயின்ட் ஸ்டீவன்ஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்தார். 1914-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து பாதந் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் சினந்தனர்.

1915-இல் நண்பர் பியர்ஸனுடன் பிஜித் தீவு சென்றார். அங்கே கரும்புத் தோட்டங்களில் நம் தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாய் வதைபட்டனர். தோட்டந்தோறும் சென்று, கூலி லயன்களில் அவர்தம் குறைகளைப் பொறுமையுடன் கேட்டார். கேட்டவற்றை அறிக்கையாக்கி உலகறியச் செய்தார். 1917-இல் மீண்டும் சென்றார். பாரத மக்களின் கிளர்ச்சியும் வலுக்கவே, 1920 ஜனவரி 1-இல் அங்கு எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர், என்று மக்கள் அவரை அழைத்தனர். 1940 ஏப்ரல் 5-இல் கல்கத்தாவில் அவர் காலமானார்.

மகாநாடு கூட்டவும் தீர்மானம் நிறைவேற்றவும் நமக்கு நேரமிருக்கிறது. ஏழையொருவன் நம் வாயிலில் வந்து நின்றால், அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்க நேரமிருக்கிறதா? தேசத் தொண்டர் ஒவ்வொருவரும் இதனைத் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.